'ஓ'வுக்கும் 'ஏ'வுக்கும் முகூர்த்தம்

புது வேலையில் சேர்ந்தவர்களைப் பிடிக்கும் வியாதிகளில் மிகக் கொடியது ஐடியா. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் படுக்க வைக்கலாம். ஐடியா வந்தவளை யாராலும் உட்கார வைக்க முடியாது. திருப்பதியில் ஓர் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சராக நான் சேர்ந்தபோது, எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

சேர்ந்தது தற்காலிகமாகத்தான். பெற்றோர்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். அது அவர்களுக்கும் கரஸ்பாண்டென்ட்டுக்கும் பிடித்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் டாட்டா. நைனாவின் ஓட்டல் வேலையையும் என்னுடைய இந்த வேலையையும் நம்பி, திருத்தணிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தோம். வேலை போனால் மறுபடி ஊருக்குப் போய், பெண் பார்க்க வருபவர்களுக்கு பஜ்ஜித் தட்டு நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 

எனக்குக் கிடைத்த பாடம், ஜோடி சேரும் உயிரெழுத்துகள். இங்கிலீஷில் சில இடங்களில் இரண்டு உயிரெழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே ஓசை கொடுக்கும். படகுக்கு 'போட்' என்று எழுதினால் நடுவில் 'ஓ'வும் 'ஏ'வும் நிற்கும். சத்தம் போடுவது 'ஓ' மட்டும். 'ஏ' வாயைத் திறக்காது. (கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.) போர்டில் எழுதிப் போட்டால் பிள்ளைகள் கொட்டாவி விடும், கையால் செய்து பார்த்தால்தான் மனதில் ஒட்டும் என்பது என் கொள்கை. புளியங்கொட்டைகளை அடுக்கி எழுத்து உண்டாக்கச் சொன்னேன். ஒருவன் 'ஏ'வில் கால்வாசியை மூக்கில் செருகிக்கொண்டான். பாண்டிக் கட்டம் போட்டு 'ரெயின்', 'டிரெயின்' என்று குதிக்க வைத்தேன். கீழ் மாடி வகுப்பிலிருந்து கூரை உதிர்வதாகப் புகார் வந்தது. பெற்றோர் முன்னால் காட்ட இதைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் எங்கள் பள்ளி டீச்சர் ஒருவருக்குக் கல்யாணம். தெலுங்குக் கல்யாணம். என் பக்கத்து நாற்காலியில் தெலுங்கு டீச்சர் வரலட்சுமி மேடம். (அவருடைய கணவர் பிரசாத் சார் எங்கள் பள்ளியிலேயே கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர். இதை நீங்களாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் சீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்த விழுதை எடுத்து, ஒருவர் தலையில் ஒருவர் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இது எதுக்கு மேடம்?" என்றேன்.

"சீரகமும் பெல்லமும் கலந்துட்டா மறுபடி பிரிக்க முடியாது இல்லம்மா? அந்த மாதிரி ரெண்டு பேரும் ஒட்டிக்கினே இருக்கணும்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. பிரிக்கவே முடியாத ஜோடி! என் பாடமே அதுதானே! நம் பக்கத்துக் கல்யாணங்களில் தேங்காய் உருட்டுவது, அப்பளம் உடைப்பது போல இதுவும் ஒரு விளையாட்டு என்று நானாகவே முடிவு கட்டினேன். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் முதல் பந்திக்கு இலை போட்டுவிட்டார்கள்.

வகுப்பு நாளன்று காலையில் மிக்ஸியில் சீரகமும் வெல்லமும் போட்டு அரைத்தேன். நைனா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, கசாயமா?"

"இங்கிலீஷ் சொல்லித் தரதுக்கு நைனா."

"சீரகம் துன்னா இங்கிலீஷ் வருமா? எனுக்கும் ஒரு உருண்டை குடு. ஓட்டலுக்கு வடக்கத்திக்காரங்க வந்துக்கினே கீறாங்க."

அம்மாவுக்கு மட்டும் சந்தேகம். "கல்யாணம் கில்யாணம்னு எதுனா வம்பு இழுத்துக்கினு வராத."

"தாலியே கெடையாதும்மா, அப்புறம் இன்னா கல்யாணம்?" என்றேன். என்ன ஒரு தெளிவு! அந்தப் பெண்ணை இப்போது பார்த்தால் நானே இரண்டு அறை விடுவேன்.

பள்ளி ஹால் நிரம்பியிருந்தது. முன்வரிசையில் கரஸ்பாண்டென்ட், பக்கத்தில் டீச்சர்கள், பின்னால் பெற்றோர்கள், பெற்றோர்களின் பெற்றோர்கள். பிள்ளைகள் கழுத்தில் ஆளுக்கோர் எழுத்து அட்டை. ஜோடியாக வந்து நின்று, விழுதை அட்டையில் தடவி ஒட்டிக்கொண்டு, அந்த ஜோடி வரும் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். பாதி வரை எல்லாம் கனஜோர். 'ஈ'யும் 'ஏ'வும் ஒட்டிக்கொண்டு "டீ!" என்று கத்தியபோது கைதட்டலில் ஹாலே அதிர்ந்தது. கரஸ்பாண்டென்ட் சிரித்தார்! எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்து 'ஓ'வும் 'ஏ'வும் வர வேண்டும். 'ஏ'வாக இருந்த பெண் கூட்டத்தில் தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, அட்டையைக் கழற்றிப் போட்டு ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள். 'ஓ'வும் அட்டையைப் போட்டுவிட்டு, அழுதபடி தன் அம்மாவைத் தேடிப் போய்விட்டது. வேறு யாராக இருந்தாலும் அடுத்த ஜோடியைக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குத்தான் வியாதி முற்றியிருந்ததே. 'ஓ' அட்டையை நான் மாட்டிக்கொண்டேன். மேடை ஓரத்தில் மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்த பிரசாத் சாரை இழுத்து, அவர் கழுத்தில் 'ஏ' அட்டையைத் தொங்கவிட்டேன்.

"ரெண்டு நிமிஷம் சார். நீங்க வாயத் தொறக்கவே கூடாது" என்றேன். பாவம், அவர் தலையாட்டினார்.

விழுதை எடுத்தேன். அட்டையில் தடவினால் பின்வரிசைக்குத் தெரியாதே என்று தோன்றியது. கையை உயர்த்தி எல்லோருக்கும் காட்டிவிட்டு, நேராக அவர் உச்சந்தலையில் வைத்து அழுத்தினேன். அதோடு விட்டேனா? அவர் கையில் ஓர் உருண்டையைத் திணித்து, அந்தக் கையை நானே பிடித்துத் தூக்கி, என் தலையிலும் வைத்துக்கொண்டேன். "ஓ, ஏ! பிரிக்கவே முடியாது! எல்லாரும் சொல்லுங்க!"

 பின்வரிசையில் ஒரு பாட்டியம்மா எழுந்து நின்று, "அய்யோ தேவுடா! பெள்ளி அயிப்போயிந்தி!" என்றார். கல்யாணம் முடிந்துவிட்டதாம். ஒரு தகப்பன் மொபைலில் கெட்டி மேளம் போட்டுவிட்டான். யாரோ ஓர் அம்மா தன் தலைப்பூவைக் கிள்ளி எங்கள்மேல் வீசினார். பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? டப்பாவில் மிச்சமிருந்த விழுதை அள்ளி, கிடைத்த தலையிலெல்லாம் அப்ப ஆரம்பித்தார்கள். பிரசாத் சார் மட்டும் அசையவில்லை, வாயையும் திறக்கவில்லை. முன்வரிசையில் இருந்த தன் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரஸ்பாண்டென்ட் மேடைக்கே வந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை.

"ஏம்மா, என்ன பண்ணீங்கன்னு தெரியுதா? உங்களுக்குத்தான் தாலி. எங்களுக்கு ஜீலகர்ர பெல்லம் வெச்சா அதுதாம்மா முகூர்த்தம்! தாலியெல்லாம் அப்புறம்தான்."

வெல்லம் நெற்றி வழியாக மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எனக்குக் கண்முன்னால் பஜ்ஜித் தட்டு தெரிந்தது. வேலை போனதுகூடப் பரவாயில்லை, வரலட்சுமி மேடம் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று அழுகை முட்டியது. அவரோ எழுந்து மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. மேடையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்து, தெலுங்குப் பாடம் எடுக்கும் அதே குரலில், சேர்ந்தால் என்ன வரும் என்று கேட்டார்: "ஓவும் ஏவும் கலிஸ்தே?"

"ஓஓஓ!" என்று கத்தினார்கள். ஒருவன் "போட்!" என்றான். இன்னொருத்தி "ரோட்!" என்றாள். அம்மா மடியிலிருந்து அந்த 'ஏ' பெண்ணே எழுந்து நின்று, "சோப்!" என்றாள். கையும் தலையும் பிசுபிசுக்க ஆளுக்கொரு வார்த்தையாகக் கத்திக்கொண்டே இருந்தார்கள். எனக்கு அங்கேயே ஒரு குதி குதிக்க வேண்டும் போலிருந்தது.

வரலட்சுமி மேடம் கரஸ்பாண்டென்ட் பக்கம் திரும்பினார். "பாடம் ஒட்டிடுச்சு சார். பர்மனென்ட் பண்ணிடுங்க. எனக்கு ஒண்ணும் அப்ஜெக்ஷன் இல்ல."

முதலில் சிரித்தது கரஸ்பாண்டென்ட்தான். பிறகு ஹால் முழுக்கச் சிரித்து அடங்க வெகு நேரமானது. அந்த வாரமே ஆர்டர் கையில் கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து வரலட்சுமி மேடத்துக்கு நான் 'சின்னவள்'. சங்கராந்திக்குத் தனக்கு ஒரு புடவை வாங்கினால், "சின்னவளுக்கு" என்று எனக்கும் ஒன்று வாங்கிவிடுவார். எனக்குச் சித்தூரில் கல்யாணம் நடந்தபோது முதல் ஆளாக வந்து என் மாப்பிள்ளையிடம், "தம்பி, எங்க வீட்டுப் பொண்ணு. நல்லா பாத்துக்கோங்க" என்றவரும் அவரே. என் கணவர் பிறந்து வளர்ந்ததே சித்தூர். சீரக வெல்லத்தின் சட்ட திட்டமெல்லாம் அவருக்கு அத்துப்படி. ரசத்தில் உப்புக் கூடினால், "மொத வீட்லயும் இப்படித்தான் வெச்சியா?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் உண்டு. மணமேடையில் எனக்கும் வரலட்சுமி மேடத்துக்கும் நடுவில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல், பட்டியைக்கூட இறுக்கிப் போட்டுக்கொண்டு நிற்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் அவர் யார் என்று கேட்கிறார்கள்.

"அவரா?" என்பார் என் கணவர், ஆல்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு. "அவரு நம்ம சீனியரு."