இருபது நிமிஷத் தொலைவு

"இங்க பாருங்க, சமையலறைக் குழாய் ஒழுகுது..." என்று ஸ்பீக்கரில் மனைவியின் குரல் வந்ததுமே, "வாஷர் போயிருக்கும்!" என்று கத்தினார் குழாய் மெக்கானிக்.

கத்தி என்ன பிரயோஜனம்? அவர் இருப்பது செவ்வாய்க் கிரகத்தில். அதாவது, நிஜச் செவ்வாய்க்கு ஆள் அனுப்புமுன் ஒத்திகை பார்க்கக் கட்டிய, ஜன்னலே இல்லாத ஒரு கொட்டகையில். ஒற்றை ஆள் பைத்தியம் பிடிக்காமல் தாங்குவானா என்று ஆராய்ச்சி. இவர் பேசியது வீட்டுக்குப் போக இருபது நிமிஷம், பதில் வர இருபது நிமிஷம். நிஜச் செவ்வாயில் அப்படித்தான் ஆகுமாம். அதற்கென்றே பேச்சைத் தாமதமாக்கும் ஒரு கருவி. நடுவில் கதவைத் திறந்தால் அத்தனை மாத உழைப்பும் பாழ்.

ஊரில் அவருக்குப் பட்டப்பெயர் 'அவசரம்'. எதிராளி வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொல்லி முடித்திருப்பார்.

"வாஷரை மாத்து," என்று அனுப்பினார்.

நாற்பது நிமிஷம் கழித்து: "மாத்தப் போனேன். குழாயே கையோட வந்துடுச்சு."

"துணியை வச்சு அடை!"

"அடைச்சேன். இப்ப சுவத்துல இருந்து வருது."

"மெயின் வால்வை மூடு!"

"மூடினேன். மாடி வீட்டுக்காரர் தலை நிறைய சோப்போட வாசல்ல வந்து நிக்கிறார். என்ன சொல்ல?"

ஊரார் வீட்டுக் குழாயை எல்லாம் சரி பண்ணினவர், சொந்த வீட்டை ரேடியோவிலேயே மூழ்கடித்துக்கொண்டிருந்தார். மாடிக்காரருக்காக வால்வைத் திறந்துவிட, மறுநாளும் ஒழுகுவதாகச் சேதி வந்தது. அடுத்த நாலு நாளும் அப்படியே. சேதியில் தண்ணீர் கூடக் கூட, மனைவியின் பேச்சும் நீண்டது.

"தண்ணி ஹாலுக்கு வந்துடுச்சு. உங்க நாற்காலியைக் கட்டில் மேல தூக்கி வச்சேன். பொண்ணு போன் பண்ணினா. நல்லாத்தான் இருக்கேன்னு பொய் சொன்னேன். இன்னும் ரெண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன், கை பழகிப்போச்சு. நேத்து ஒரே இடி. எனக்கு இடின்னா பயம்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. பதில் சொல்ல வாயைத் திறந்தார்; மூடிக்கொண்டார். கொட்டகையில் மின்விசிறிச் சத்தத்தைத் தவிர கேட்க வேறு எதுவும் இல்லை. அவள் பேசியதையே திரும்பப் போட்டுக் கேட்டார். இன்னொரு தரமும் கேட்டார். இத்தனை வருஷமாக இடி இடித்தபோதெல்லாம் பக்கத்தில்தானே படுத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் பொறுக்கவில்லை. கட்டுப்பாட்டு அறையோடு உடனுக்குடன் பேச ஒரு போன் உண்டு; ஆபத்துக்கு மட்டும். அதை எடுத்தார்.

"தம்பி, கதவைத் திற."

"சார், திறந்தா ஆராய்ச்சி மொத்தமும் போச்சு," என்றான் அங்கிருந்த டெக்னீஷியன்.

"போகட்டும்! அங்க அவ முழங்கால் தண்ணியில தனியா நிக்கிறா. இருபது நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து நான் என்னத்தக் கிழிக்கிறேன்?"

 டெக்னீஷியன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"சார்... தாமதக் கருவி ரிப்பேராகி மூணு நாளாச்சு, நீங்க பேசறது அப்பப்பவே போயிடுது. அவங்கதான் நாற்பது நிமிஷம் காத்திருந்து பதில் சொல்றாங்க. அன்னைக்கே உங்க வீட்டம்மாகிட்ட சொன்னோம்; அதுக்கு, 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க தம்பி, குழாயை முதல் நாளே ஆள் வந்து சரி பண்ணியாச்சு, கல்யாணமானதுல இருந்து இப்பதான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் கேக்கறார்'னாங்க."