ஐந்து வருஷமாகச் சைலன்சர் தேர்ந்தெடுப்பவர்

கடைக்குப் போகிற மனிதர்களில் இரண்டே வகை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்: வாங்குகிறவர், வாங்காதவர். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அது தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கும். கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். கஞ்சன் விலையைக் கேட்டதும் நடையைக் கட்டிவிடுவான். இவர் நகரமாட்டார். விலையைக் கேட்பார், எடையைக் கேட்பார், செய்த ஊரைக் கேட்பார், செய்தவன் அதற்கு முன் எங்கே வேலை பார்த்தான் என்று கேட்பார், மதியம் கடைக்காரருக்குக் காபியும் தானே ஊற்றிக் கொடுப்பார், கடை சாத்துகிற நேரத்தில் "அடுத்த வருஷம் புது மாடல் வருதாமே?" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புவார். களைத்துப்போய்த் திரும்புவார். நாள் முழுக்க மரம் வெட்டியவனுக்குக்கூட அத்தனை களைப்பு இருக்காது.

இந்த இனம் உலகம் முழுக்க இருக்கிறது. நன்கு வளர்ந்த உருப்படி ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பின்லாந்துக்கு வாருங்கள். அதிலும் கைனூ பக்கம், மூஸ் மான் வேட்டை தொடங்குவதற்கு முந்தைய வாரம். பெயர் தைஸ்தோ கெம்பைனென். வயது அறுபத்தேழு. ஐந்து வருஷமாகத் தன் வேட்டைத் துப்பாக்கிக்கு ஒரு சைலன்சர் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

சைலன்சர் என்றதும் சினிமாக் கொலைகாரனை நினைக்க வேண்டாம். எங்கள் ஊரில் அது மழைக்கோட்டைப் போல ஒரு சாதாரணச் சாமான். குழலின் நுனியில் திருகி மாட்டுகிற ஓர் உருளை. வெடிச்சத்தத்தை ஒரேயடியாக விழுங்கிவிடாது. காதைக் கிழிக்கிற சத்தத்தைக் காதைத் தட்டுகிற அளவுக்குக் குறைக்கும். நாற்பது வருஷம் இந்த ஊராருக்கு ஊசி போட்டு, கட்டுக் கட்டி, காது கழுவியவள் என்ற முறையில் சொல்கிறேன்: யார் அதை மாட்டாமல் சுடுகிறார் என்பது கழுவ உட்காரும்போதே தெரிந்துவிடும். "தலையைச் சாயுங்கள்" என்றால் மற்றவர்கள் சாய்ப்பார்கள். இவர்கள் "நல்லா இருக்கேன், நீங்க?" என்பார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்பு தைஸ்தோ வந்து உட்கார்ந்தபோது தலையைச் சாய்க்கத்தான் செய்தார். ஆனால் ஒரு புகார் இருந்தது.

"சிஸ்டர், இடது காதுக்குள்ள ஒரு கொசு கத்துது."

"ஜனவரி மாசத்துலயா?"

"அதான் எனக்கும் ஆச்சரியம்."

"அது கொசு இல்ல தைஸ்தோ, உன் துப்பாக்கி. இன்னும் நாலு சீசன் இப்படியே சுட்டா நாய் குரைக்கிறதுகூடக் கேக்காது. இந்த வாரமே ஒரு சைலன்சர் வாங்கி மாட்டு. எதுவா இருந்தாலும் சரி."

நாய் என்றதும் முகம் மாறிவிட்டது. மாறத்தான் செய்யும். எங்கள் வேட்டையில் ஆண்கள் ஆளுக்கொரு மேடையில் ஆரஞ்சுத் தொப்பியோடு மணிக்கணக்கில் மரம்போல் நிற்பார்கள். தைஸ்தோவின் மனைவி ஹில்க்கா தன் சாம்பல் நிற நாய் ஹல்லாவோடு காட்டுக்குள் போவாள். நாய் மானைக் கண்டுபிடித்து, சுற்றிச் சுற்றிக் குரைத்து நிறுத்தி வைக்கும். தூரத்தில் அந்தக் குரைப்பு எழும்போது வயதான ஆண்கள் கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். தங்கள் கல்யாணத்தில் அவர்கள் கலங்கியதில்லை.

"அது கேக்காம போச்சுன்னா எனக்குக் காடே வேண்டாம், சிஸ்டர்," என்றார். உண்மையாகத்தான் சொன்னார். காப்பாற்ற வேண்டிய பொருள் ஒன்று, அதைக் காப்பாற்றும் சாமான் ஒன்று, சாமான் கிடைக்கும் கடை அரை மணி தூரத்தில். வேறென்ன வேண்டும்?

தப்பு என்னுடையது. "எதுவா இருந்தாலும் சரி" என்று சொல்லியிருக்கக் கூடாது. இந்த இனத்தாரிடம் அப்படிச் சொல்வது, பெண் பார்க்கப் போகிறவனிடம் "யாரோ ஒருத்தி" என்று சொல்வதைப் போல.

முதல் வருஷம் படிப்பிலேயே போயிற்று. குழலுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிற ரகமா, குழல்மேல் பின்பக்கமாக ஏறி உட்காருகிற ரகமா? எஃகா, அலுமினியமா, டைட்டானியமா? மாட்டுகிற திருகு மரையின் அகலம் பதினான்கு மில்லிமீட்டரா, பதினைந்தா? அவருடைய துப்பாக்கியில் இருப்பது ஒரே மரைதான், அதற்குப் பொருந்துவது ஒரே அளவுதான். இருந்தாலும் எல்லா அளவுகளையும் படித்தார். "பொருந்தாததப் பத்தித் தெரியாம பொருந்துறத எப்படி வாங்குறது?" என்று கடைக்காரர் பெந்த்தியிடமே கேட்டாராம். பெந்த்தி அன்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.

இரண்டாம் வருஷம் எடை. காகிதத்தில் நானூறு கிராம் என்று போட்டிருந்தால் போதுமா? கை அல்லவா சொல்ல வேண்டும்? எனவே கூட்டுறவுக் கடைக்குப் போய்ச் சரியாக நானூறு கிராமுக்குத் தடித்த இறைச்சி சாசேஜ் வாங்கி, குழல் நுனியில் டேப் போட்டுச் சுற்றிக்கொண்டு வேட்டைக்கு வந்தார். ஒன்பது மணிக்கு வேட்டைத் தலைவர் வாக்கி-டாக்கி ரேடியோவில் அவரைக் கூப்பிட, குழு முழுவதும் கேட்ட உரையாடல் இது:

"யோவ் தைஸ்தோ, ஹல்லாவக் காணோம். உன் பக்கம் வந்துச்சா?"

"இங்கதான் இருக்கு."

"என்ன பண்ணுது?"

"உக்காந்திருக்கு."

"மூஸ் நிக்குதா?"

"இல்ல."

"பின்ன எதப் பாத்துக்கிட்டுய்யா உக்காந்திருக்கு?"

"குழல் நுனிய."

அன்று மான் கிடைக்கவில்லை. தைஸ்தோவுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை, நோட்டில் குறித்துக்கொண்டார்: "நானூறு கிராம். முன்பாரம் அதிகம். நாய்க்குப் பிடிக்கிறது."

நோட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த இனத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் துப்பாக்கி சுடும் மைதானத்தில் ஊர்க்காரர்கள் பயிற்சிக்குக் கூடுவார்கள். தைஸ்தோ ஒவ்வொருவரின் சைலன்சரையும் இரவல் வாங்கித் தன் குழலில் மாட்டிச் சுட்டுப் பார்த்து, அமைதிக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மைதானத்தில் எல்லாரும் காதுக் கவசம் போட்டிருப்பார்கள். தைஸ்தோ மட்டும் சுடும் நேரத்தில் கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிவிடுவார். ஏன்? சத்தம் எவ்வளவு குறைகிறது என்று வெறும் காதால் கேட்டால்தானே தெரியும்! அதோடு விட்டாரா? ஒவ்வொரு சைலன்சருக்கும் நடுவில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் குழலில் ஒரு வெடி. காதைக் காப்பாற்றும் சாமானைத் தேர்ந்தெடுக்க வருஷத்துக்கு முப்பது தடவை காதைத் திறந்து கொடுத்தார். இதைக் கேட்டுச் சிரித்த ஊர்க்காரர்கள், தாங்கள் வாங்கப் போகும்போது அவருடைய நோட்டைத்தான் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள். ஊரில் எல்லாரிடமும் சைலன்சர் வந்துவிட்டது. எல்லாம் அவர் சிபாரிசு.

இந்தச் செப்டம்பரில் ரத்த அழுத்தம் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் ஊர் விடுவதில்லை. தைஸ்தோ நோட்டைக் கொண்டுவந்து பெருமையாக விரித்தார்.

"தொழில்நுட்பம் எங்கயோ போயிடுச்சு சிஸ்டர். இந்த என்சியோவோட சைலன்சரப் பாருங்க. மூணு வருஷம் முன்னாடி அஞ்சு மார்க். போன வருஷம் ஏழு. இப்ப ஒம்போது!"

என்சியோ எங்கள் வேட்டைத் தலைவர். ஒரு சைலன்சரை வாங்கினால் சாகும்வரை மாற்றாத மனிதர். நான் தைஸ்தோவின் முகத்துக்கு நேராக நின்று கேட்டேன்: "என்சியோ புதுசு வாங்கினாரா?"

"இல்லையே, அதேதான்."

"அப்புறம் எப்படி மார்க் ஏறுச்சு?"

"பழகப் பழக நல்லா வருது போல."

பக்கங்களைப் புரட்டினேன். எல்லாமே ஏறியிருந்தன. நேற்றுவரை கல்லுடைக்கிற சத்தம் போட்டவையெல்லாம் பூனைபோல் ஆகியிருந்தன. டவுன் ஆஸ்பத்திரியில் காதைப் பரிசோதித்து வரைபடம் தருவார்கள். தைஸ்தோ தானே கைப்பட ஒன்று எழுதி வைத்திருந்தார், தலைகீழாக: மார்க் ஏற ஏறக் காது இறங்கியிருந்தது. அவர் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில், "காபி" என்றேன். அசையவில்லை. இந்த ஊரில் காபி என்ற சொல்லுக்கு ஒருவர் தலை திருப்பவில்லை என்றால் காரணம் இரண்டுதான்: செத்திருக்க வேண்டும், அல்லது காது போயிருக்க வேண்டும். நாடி பிடித்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

இதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் ஆண்கள் எவ்வளவு பேசுவார்கள் என்று தெரிந்தால் கேட்கமாட்டீர்கள். ஹில்க்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா நான் என்ன சொன்னாலும் 'ம்'ங்கிறார், சிஸ்டர். வயசாக வயசாக நல்ல புருஷனா ஆயிட்டார்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேனே!"

டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: இடது காது முடிந்தது, வலதில் கொஞ்சம் மிச்சம், வெறும் காதில் இன்னும் சில வெடிகள் விழுந்தால் அதுவும் இல்லை. என்சியோ காகிதத்தில் எழுதிக் காட்டினார்: சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது, சைலன்சரோடு வந்தால் மேடை, இல்லாமல் வந்தால் குடிசையில் சூப் கிண்டும் வேலை. முப்பத்தொரு வருஷமாக ஏழாம் மேடை தைஸ்தோவுடையது. மனிதர் வெளிறிப்போனார். அன்றே கடைக்குப் போனார்.

வாங்கிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இன்னும் இந்த இனத்தை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பெந்த்தியிடம் கெஞ்சி, கடைசிவரை வந்த இரண்டு சைலன்சர்களைப் சுட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை சரளைக்கல் குழிக்குப் போய் இறுதிச் சுற்று நடத்தினார். இதில் ஐந்து, அதில் ஐந்து, நடுநடுவே ஒப்பிடுவதற்கு வெறும் குழலில். கவசம் கழுத்தில்.

வெள்ளிக்கிழமை என்சியோ வீட்டு முற்றத்தில் போய் நின்றார். நானும் ஹில்க்காவும் கூட இருந்தோம். என்சியோ குழலின் மொட்டை நுனியை விரலால் சுட்டிக்காட்டினார்.

"தேவையில்ல!" என்று தைஸ்தோ கத்தினார். தான் கத்துவது அவருக்குத் தெரியவில்லை. "அஞ்சு வருஷ ஆராய்ச்சி முடிஞ்சுது! ரெண்டையும் சுட்டுப் பாத்தேன், வெறும் குழலையும் சுட்டுப் பாத்தேன். மூணும் ஒண்ணுதான்! வெறும் குழல்ல எடை இல்ல, முன்பாரம் இல்ல, துருப்பிடிக்காது, சத்தமும் இல்ல! பத்துக்குப் பத்து!"

நோட்டையும் நீட்டினார். என்சியோ அதை வாங்கிப் பார்த்தார். உள்ளே போய், சூப் கரண்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை தைஸ்தோ வேட்டைக் குடிசையில் பட்டாணி சூப் கிண்டினார். பத்தரை மணிக்கு ஹல்லா ஒரு பெரிய கிடா மூஸைக் கண்டுபிடித்தது. அது எந்த மேடைப் பக்கமும் போகவில்லை; குரைப்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு நேராகக் குடிசையை நோக்கி வந்து, விறகுக் கொட்டகை அருகில் குதிரையைவிட உயரமாக நின்றது. மேசைமேல் இருந்த ரேடியோவில் ஒன்பது ஆண்கள், ஒரு வருஷத்துக்கான பேச்சை ஒரே நிமிஷத்தில் பேசினார்கள். "தைஸ்தோ! ஜன்னல்ல பாருய்யா! எந்தப் பக்கம் திரும்புதுன்னு மட்டும் சொல்லு!" தைஸ்தோ ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, உப்பு சரியா என்று பார்த்தார். மூஸ் நிதானமாகத் திரும்பி, ஓடையைத் தாண்டி, பக்கத்து ஊர்க்காரர்களின் எல்லைக்குள் போய்விட்டது. இனி அது அவர்களுடைய மான்.

ஹில்க்கா மூச்சிரைக்க வந்து நாயைக் கயிற்றில் பிடித்தாள். ஹல்லா போன மானைப் பார்த்து விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் தைஸ்தோ கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"ஏ ஹில்க்கா, நாய்க்குத் தொண்டைல ஏதாவது சிக்கிடுச்சா? சும்மா சும்மா வாயத் தெறந்து தெறந்து மூடுதே."

ஹில்க்கா அவர் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையை நாயின் கழுத்தில் வைத்து அழுத்தினாள். ஹல்லா குரைத்தது. கை அதிர்ந்தது. மறுபடி குரைத்தது, மறுபடி அதிர்ந்தது. தைஸ்தோ கையை எடுக்காமல் அப்படியே மண்டியிட்டுவிட்டார். உள்ளே சூப் அடிப்பிடித்தது; யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் வீண்.

காதுக் கருவி வந்துவிட்டது. அதை இங்கே ஆஸ்பத்திரியே கொடுத்துவிடுகிறது. ஒரே ரகம், இந்தா மாட்டு என்று. வாழ்க்கையில் அவருக்கு வாய்த்த ஒரே அதிர்ஷ்டம், அதில் தேர்வு இல்லாததுதான். அதன் வழியாக ஹல்லா குரைத்தால், யாரோ பக்கத்து ஊரில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் இருக்கிறதாம். பரவாயில்லை என்கிறார். ஹில்க்கா பேசுவது மட்டும் தெளிவாகக் கேட்கிறதாம்.

சிரித்தாயிற்றா? உங்களிடம் துப்பாக்கி இல்லை, தெரியும். முழங்கால் இருக்கிறதல்லவா? அதற்கு எந்த டாக்டர் நல்லவர் என்று எத்தனை மாதமாக விசாரிக்கிறீர்கள்? வழுக்குகிற குளியலறைக்கு எந்தக் கைப்பிடி நல்லது என்று மூன்று வருஷம் பார்த்த ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்து, நான்தான் குளிப்பாட்டினேன். தண்ணீர் ஊற்றும்போதும் கைப்பிடிகளைப் பற்றித்தான் பேசினார். நீங்கள் அப்படி இல்லை என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். எல்லாவற்றையும் அலசிப் பார்ப்பது நல்ல குணம்தானே என்று இந்நேரம் மனதுக்குள் வாதாடவும் தொடங்கியிருப்பீர்கள். வாதாடுங்கள். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களை இரண்டு தடவை கூப்பிட்டார்களே, கேட்கவில்லையா?