நாலு பேருக்குத்தான் தாங்கும்

மழை விடாமல் பெய்த மூன்றாம் நாள் காலையில் கழிவறை பேச ஆரம்பித்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் குளுக் குளுக்கென்று எதையோ முறையிட்டுவிட்டு, பாதியைத் திருப்பிக் கொடுத்தது. பஸ் டிப்போவில் டைம் கீப்பரான அந்த வீட்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை. அவருக்கு உள்ளூரக் குஷி. மறுநாள் மச்சான் மனைவியோடு வந்து இறங்குவதாக இருந்தது. மச்சான் கொத்தனார். ஊரார் வீட்டையெல்லாம் கட்டுகிறவருக்குச் சொந்தக் கூரை ஒழுகுகிறதாம். பத்து நாள் தங்கை வீட்டில் தங்கப்போகிறாராம். அவருக்குத் தண்ணி காட்ட இதைவிட நல்ல தண்ணி கிடைக்குமா?

உடனே செப்டிக் டேங்க் லாரிக்காரரை வரவழைத்தார். அவர் குடையும் கையுமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப எடுக்கக் கூடாது சார். மண்ணு முழுக்க ஊறிக் கெடக்கு. டேங்க்கைக் காலி பண்ணினா அடியில நிக்கற தண்ணியே அதை மேல தூக்கிடும். மழை விடட்டும். அதுவரைக்கும் தண்ணிய அளவாப் புழங்குங்க."

"எத்தனை பேர் புழங்கலாம்?"

"இருக்கற நிலைமைக்கு நாலு பேருக்குத்தான் தாங்கும்."

"அதைக் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. சமையலறைக்குக் கேக்கணும்."

கேட்டது. ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது.

அன்று மாலைக்குள் குளியலறைக் கதவில் ஓர் அட்டவணை தொங்கியது. குளியல் ஆளுக்கு ஐந்து நிமிடம். வாஷிங் மெஷின் வாரத்துக்கு இரண்டு டிரிப். பெரிய மகளின் தலைக்குளியல் மறு அறிவிப்பு வரை ரத்து. அடியில் சிவப்பு மையில் 'நால்வர் மட்டும்'. அதற்கும் கீழே கையெழுத்து.

"மச்சான் வரக் கூடாதுன்னு எனக்கென்ன ஆசையா? டேங்க் ஒத்துக்கலையே," என்றார் மனைவியிடம்.

"டேங்க் சொன்னா சரிதாங்க. அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது வாசலில் ஒரு பெட்டி இருந்தது. திறந்து பார்த்தார். அவருடைய சட்டைகள், துண்டு, சோப்பு.

"எனக்கா? நான் எங்க போறேன்?"

"டிப்போவுக்கு. டிரைவருங்க தங்கற ரூம் சும்மாத்தானே கெடக்கு? அண்ணி அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க. அண்ணன் மட்டும்தான் வந்திருக்கார். அவர், நான், பொண்ணுங்க ரெண்டு பேர். நாலு ஆச்சு."

"நான்?"

"உங்களைச் சேர்த்தா அஞ்சு. நாலுக்கு மேல கூடாதுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? அதுவும் பேப்பரை எடுத்துக்கிட்டு உள்ள போனா, நீங்க ஒருத்தரே ரெண்டு பேருக்குச் சமம்."

கொல்லைப்புறத்திலிருந்து கடப்பாரையோடு எட்டிப் பார்த்தார் மச்சான். "வாங்க மாப்ளே. நனையாமப் போயிட்டு வாங்க."

வரவேற்பும் வழியனுப்புதலும் ஒரே மூச்சில் முடிந்தன.

டிப்போ அறையில் நான்கு டிரைவர்கள் குறட்டை விட்டார்கள். நான்கும் ஸ்டார்ட் ஆகாத பஸ்ஸின் சத்தம். வீட்டுக் கழிவறையின் குளுக் குளுக்கே சங்கீதமாகத் தோன்றுகிற அளவுக்கு அவர் நொந்துபோனார். நான்காம் நாள் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, டேங்க் சரியாயிடுச்சு. மொட்டை மாடித் தண்ணி இறங்கற குழாய் டேங்க் பக்கத்து மண்ணுலயே கொட்டிக்கிட்டு இருந்திருக்கு. இத்தனை நாளா நாம பார்க்கவே இல்லை. அண்ணன் வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணியைத் தெருப் பக்கம் திருப்பிவிட்டார். மழையும் விட்டு ரெண்டு நாளாச்சா, இப்பச் சத்தமே இல்லை. லாரிக்காரர் வந்து பார்த்துட்டு, இனி ஆறு பேருக்குத் தாங்கும்னு சொல்லிட்டார்."

அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு துண்டை மடிக்க ஆரம்பித்திருந்தார். "அப்ப நான் சாயங்காலமே வந்துடறேன்."

"அவசரப்படாதீங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அண்ணியும் அவங்க அம்மாவும் காலையிலேயே வந்துட்டாங்க."