எம்பனாடா பொரித்த துரோகி

எங்கள் சால்ட்டா ஊரில் ஒரு ரக மனிதர்கள் உண்டு. காதலி கைவிட்ட பாடகர்கள். எவளாவது ஒருத்தி கைவிட்டால்தான் இவர்களுக்குச் சோறே இறங்கும்.

இலாரியோவைப் பாருங்கள். ஞாயிறு மதியம் சாப்பாடும் பாட்டும் சேர்ந்த பாட்டுக்கூடத்தில் போன்ச்சோப் போர்வையைத் தோளில் போட்டு, கித்தாரை மடியில் சாய்த்து, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டு, அது கடைசி மேசைவரை போய்ச் சேர்ந்ததா என்று அரைக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஜோடிகள் கைக்குட்டை வீசி ஆடும் சாம்பாப் பாட்டைத் தொடங்குவார். விடியற்காலையில் அவள் மலை தாண்டிப் போய்விட்டாள்; ஆறு வற்றிவிட்டது; நிலாகூட இவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனை அட்டூழியமும் செய்த துரோகி எங்கே?

அதே கூடத்தின் அடுக்களையில், கறி அடைத்த எம்பனாடா பொரித்துக்கொண்டிருக்கிறாள். பெயர் தெல்ஃபீனா. இவர் கட்டிய மனைவி.

"அந்தக் கல்நெஞ்சக்காரிய நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று மூக்கைச் சிந்தியபடி ஓர் அம்மாள் அவளிடமே கேட்டாள்.

"தெனமும் கண்ணாடில பார்க்குறேன். சூடா இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?"

தெல்ஃபீனாவுக்கு ஒரே ஓர் ஆசை. கல்யாண நாளில் புருஷன் தன்னோடு ஒரு சாம்பா ஆட வேண்டும். பாட்டின் கடைசி அடியில், ஊர் வழக்கப்படி, கைக்குட்டையைத் தன் கழுத்தில் மாலையாகப் போட வேண்டும்.

"நான் ஆடினா யாருடி பாடுறது?"

"ஊர்ல வேற தொண்டையே இல்லையா?"

"நீ என்னோட சிரிச்சு ஆடுறதைப் பார்த்துட்டு எவன்டி அழுவான்? பொழப்பைக் கெடுக்காதே."

அந்த ஞாயிறுதான் கல்யாண நாள். அவர் மேடையேறிப் பாடத் தொடங்கியதும் அவள் ஏப்ரனைக் கழற்றி வீசினாள். மருந்துக்கடை ஒசோரியோவோடு ஆட இறங்கினாள். கடைசி அடி நெருங்கியது. ஒசோரியோவின் கைக்குட்டை அவள் கழுத்தை நோக்கி உயர்ந்தது. இலாரியோவுக்கு முதன்முறையாக நெஞ்சு நிஜமாகவே அடைத்தது. பாட்டை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். பாட்டு முடியாமல் மாலை விழாதல்லவா? ஒசோரியோ தூக்கிய கையோடு விழித்தார். இப்போதாவது புருஷன் இறங்கி வருவார் என்று தெல்ஃபீனா மேடையையே பார்த்து நின்றாள். துக்கம் தாங்காமல் நிறுத்திவிட்டார் என்று கூட்டம் எழுந்து கைதட்டியது.

இலாரியோ என்ன செய்தார்? எழுந்து, குனிந்து, கூட்டத்தை வணங்கினார்.

மறுநாள் தெல்ஃபீனா பஸ் ஏறித் தங்கை ஊருக்குப் போய்விட்டாள். இலாரியோ கடைவீதியில் நின்று, "அவ போயிட்டாப்பா, நெசமாவே போயிட்டா!" என்று கதறினார்.

"தெரியுமே அண்ணே, மலை தாண்டித்தானே? அந்த ரெண்டாவது சரணத்தைக் கொஞ்சம் பாடுங்களேன்!" என்றது கடைவீதி.

ஊரிடம் இருந்த இரக்கத்தையெல்லாம் அவர் முன்பே வாங்கித் தீர்த்துவிட்டாரே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அது இருக்கட்டும், இவ்வளவு நேரமாக உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு குரல் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததே, இப்போது ஏன் கேட்கவில்லை?