ரொக்ஸ்பரோவில் பசி கிடந்த பாடகி

றாப் பாடுகிறவர்களுக்குக் கஷ்டப்பட்ட இளமைக்காலம் ஒன்று கட்டாயம் வேண்டும். எனக்கு அது வாய்க்கவில்லை. வசதியான புறநகரான ரொக்ஸ்பரோவில், முன்னால் புல்வெளியும் பின்னால் கத்தரிப் பாத்தியும் உள்ள வீட்டில், வாரத்தில் மூன்று நாள் மீன்குழம்போடு வளர்ந்தேன். இதை வைத்து ஒரு பாட்டுக்கூட எழுத முடியாது (முயன்றேன், கத்தரிக்காயோடு நின்றுவிட்டது).

ஆகவே இருபத்துமூன்று வயதில், என் முதல் தனி ஹிப்-ஹொப் அல்பத்துக்காக, ஒரு கஷ்டத்தையும் நானே தயாரித்துக்கொண்டேன். மூன்றாவது பாட்டு இப்படித் தொடங்கும்: "பார்க் எக்ஸ்டென்ஷன் தெருவில பசியோடை திரிஞ்சன், பார்க்க ஒரு சனமில்லை, தனியத்தான் வளர்ந்தன்." நகரத்தின் ஏழைப் பகுதியான பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு நான் போனது உண்மைதான். சனிக்கிழமைகளில், அப்பாவின் காரில், மீன் வாங்க. திரும்பும்போது என் கையில் ஒரு மட்டன் ரோல்ஸ் இருக்கும்.

எழுத்து, இசை, ஒலிப்பதிவு, தயாரிப்பு எல்லாம் நானே. அட்டையிலும் 'எல்லாம் தனியொருத்தி' என்றுதான் போட்டேன். ஒலிப்பதிவு எங்கள் வீட்டு பேஸ்மென்றில் நடந்தது. ஹீற்றரின் இரைச்சல் மைக்கில் விழுகிறது என்று நான் சிணுங்கியதால், ஜனவரிக் குளிரில் அப்பா அதை நிறுத்திவிடுவார். கீழே நான் "எனக்கெண்டு ஒருத்தருமில்லை" என்று பதினெட்டாவது தடவையாகப் பாட, மேலே அவரும் அம்மாவும் ஜாக்கெட், தொப்பி, கையுறையோடு சோபாவில் இருமாமல் இருப்பார்கள். இதில் எதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அல்பத்தை இணையத்தில் ஏற்றிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்பா விடவில்லை. "விழா வைக்காமல் வெளியிட்டால் களவாய் வெளியிட்ட மாதிரியெல்லே," என்று எங்கள் கோயில் மண்டபத்தை எடுத்தார். ஞாயிறு பூசை முடிய விழா. குத்துவிளக்கு, பாதரின் ஆசியுரை, நயப்புரை, ஏற்புரை என்று எல்லாம் முறைப்படி. முதற்பிரதி வேறு கொடுக்கவேண்டும். இதுவோ பிரதியே இல்லாத அல்பம். வெறும் சிடிப் பெட்டியில் அட்டையைச் செருகி, பாதரிடம் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடினார்.

நயப்புரை அருளப்பு அங்கிள். வேலை பஸ் ஓட்டுவது. ஆனால் எங்கள் ஆட்கள் எதை வெளியிட்டாலும் மேடையேறிப் பாராட்டி நயப்பவர் அவர்தான். மற்றவர்கள் அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள். இவர் பன்னிரண்டு பாட்டையும் கேட்டு, வரிவரியாகக் கையால் எழுதி, சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதலிரண்டு பாட்டும் நன்றாகப் போயின. மூன்றாவதில் அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பிள்ளை பசியோடை திரிஞ்சிருக்கு," என்றார். "நாங்கள் இவ்வளவு பேர் இந்தக் கோயிலுக்கு வாறம். ஞாயிறு ஞாயிறு பிள்ளையைக் கண்டிருக்கிறம். பசியைக் காணேல்லை."

மண்டபத்தில் இருந்த தலைகளெல்லாம் மெதுவாக முன்வரிசைக்குத் திரும்பின (பாதருடையதும்). அங்கேதான் அம்மாவும் அப்பாவும் இருந்தார்கள். அந்தச் சனத்தின் நடுவே இருபது வருடமாக ஒரு குறைச்சொல் கேளாமல் வாழ்ந்தவர்கள். அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார்.

அங்கிளுக்குக் கோபமில்லை, கவலைதான். "மரியதாஸ், நீர் குறை நினையாதையும். உண்மையில என்ன நடந்தது?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா எழுந்தார். 'அது சும்மா பாட்டு' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னால், மகள் தன் விழாவிலேயே பொய்க்காரியாகிவிடுவாள் என்று நினைத்திருக்கவேண்டும்.

"ஓம் அருளப்பு," என்றார். "பிள்ளை பாடினது சரி. நாங்கள்தான் கவனிக்கேல்லை."

அன்று வந்த வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. என் பாட்டு உண்மையாகிவிடட்டும் என்று, அந்த மனிதர் செய்யாத குற்றத்தை ஊர்ச் சனம் முழுவதற்கும் முன்னால் ஏற்றுக்கொண்டிருந்தார். நானோ மேடையில், கறுப்புக் கண்ணாடியும் வெள்ளிச் சங்கிலியுமாக நின்றேன்.

ஏற்புரைக்கு மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்து வைத்துவிட்டு மைக்கைப் பிடித்தேன். "எனக்கு ஒருநாளும் பசிச்சதில்லை," என்றேன். அதற்குமேல் அழுகைதான். அழுதழுது மீன்குழம்பைச் சொன்னேன். ரோல்ஸைச் சொன்னேன். ஹீற்றரைச் சொன்னேன். "பதினாறு வயசு வரைக்கும் அப்பாதான் மீனில முள்ளு எடுத்துத் தந்தவர்," என்பதையும் சொன்னேன் (அதை ஒருவரும் விசாரிக்கவில்லை). அருளப்பு அங்கிள் சிவப்புப் பேனையை எடுத்து, தன் தாளில் மூன்றாவது பாட்டை முழுவதுமாக வெட்டினார்.

யாரோ என் அழுகையைப் படம்பிடித்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். என் பன்னிரண்டு பாட்டையும் கேட்டவர்களைவிட அந்த முள்ளுக் கதையைக் கேட்டவர்கள்தான் அதிகம். அடுத்த மாதம் லொங்குய்யில் ஒரு மேடையில், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தேன். கீழேயிருந்து ஒருத்தன், "அக்கா, சாப்பிட்டாச்சோ?" என்றான். என்னுடைய தெருவாழ்க்கை அத்தோடு முடிந்தது.

இது நடந்து பத்து வருடமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டுக்குப் போவேன். தட்டை மறைத்துக்கொண்டு, காணும் அப்பா, வயிறு நிரம்பிவிட்டது என்று சொல்வேன். அப்பா என் கையை விலக்கிவிட்டு இன்னொரு அகப்பை சோறு போடுவார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, அன்றைய அதே பவ்வியமான குரலில் சொல்வார்:

"நாங்கள்தான் கவனிக்கேல்லை."