ஆழம் அளக்காமல் வாங்கிய சிவப்புக் கார்

ஜன்னல் போடுகிறவனை ஒருபோதும் கார் வாங்க அனுப்பக்கூடாது. இதை நான் எந்தச் சபையிலும் எழும்பி நின்று சொல்லத் தயார். ஏனென்றால் அந்த ஜன்னல் போடுகிறவன் நான்தான்.

விசுவமடுவில் எனக்கு ஒரு அலுமினியப் பட்டறை இருக்கிறது. உடையார்கட்டிலிருந்து ஒட்டுசுட்டான் வரைக்கும் புதிதாக எழும்புகிற வீடுகளில் பாதிக்கு நான் போட்ட ஜன்னல்கள்தான். ஒன்றுகூட இறுகியதில்லை, ஒன்றுகூட ஆடியதில்லை. அளவுநாடா இல்லாமல் நான் கலியாண வீட்டுக்குக்கூடப் போவதில்லை. (என் கலியாணத்துக்கு மட்டும் அது இல்லாமல் போனேன். தங்கச்சி பறித்து ஒளித்துவிட்டாள்.) அளவு என்றால் இவன்தான் என்று ஊர் சொல்லும். ஊர் சொன்னதை நானும் கொஞ்சம் கூடுதலாக நம்பிவிட்டேன்.

என் மனைவி தர்சினி தாதி. அவளுக்கு வேலை வவுனியாவில். தாய் வீட்டில் தங்கி ஸ்கூட்டியில் வேலைக்குப் போய்வந்தாள். நான் வார இறுதியில் பஸ் ஏறிப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவேன். இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள், ஒரு மகன், ஒரு மகள். அப்போதும் எனக்கு அதே பஸ்தான். நான் தூக்கினால் போதும், இரண்டு பேரும் முகத்தைக் கோணி ஒரே நேரத்தில் வீரிட்டு அழுவார்கள். மாமி, அதாவது தர்சினியின் அம்மா, ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "பழக்கமில்லைத்தானே தம்பி" என்று ஆறுதல் சொல்லுவா. அவா பாவம், நல்ல மனதோடுதான் சொன்னா. பஸ்ஸில் திரும்பி வரும்போது முழு வழியும் அந்த ஆறுதல் என்னைக் குத்திக்கொண்டு வரும். பெற்ற பிள்ளைகளுக்கே நான் விருந்தாளி.

ஒருவழியாக அவளுக்குக் கிளிநொச்சிப் பக்கம் மாற்றம் கிடைத்தது. இனி எல்லோரும் ஒரே வீட்டில். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாமியும் கூட வருவதாக முடிவு. நான் வீட்டுக்கு வெள்ளையடித்து, எல்லா ஜன்னலுக்கும் நுளம்பு வலை போட்டு, தொட்டிலும் வாங்கி வைத்தேன். மிச்சம் ஒன்றுதான். வவுனியாவிலிருந்து அவர்களை ஏற்றிவர ஒரு கார்.

இந்த இடத்தில் கனடாப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். தர்சினியின் அக்கா அங்கிருந்து ஒரு பெட்டி அனுப்பியிருந்தா. திறந்தால் சவர்க்கார வாசத்தோடு சொக்லட், சம்போ, அவற்றுக்கு அடியில் இரண்டு கார் சீற். சின்னப் பிள்ளைகளைக் காரில் பெல்ற் போட்டு இருத்துகிற சீற். அக்கம்பக்கத்துச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒருவர் இது முதுகு நோவுக்கோ என்று கேட்டார். மாமிக்கு அது அடியோடு பிடிக்கவில்லை. மடி என்று ஒன்று இருக்கும்போது பிள்ளையை ஏன் கதிரையில் கட்டவேண்டும் என்பது அவாவின் கேள்வி. நானும் மனதுக்குள் மாமியின் கட்சிதான்.

தர்சினி சத்தம் போடுகிற ஆள் இல்லை. மகளின் துணியை மடித்தபடி ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

"மடியில வச்சுக் கொண்டுவந்த பிள்ளையளை நான் வார்ட்டில பாத்திருக்கிறன். என்ர பிள்ளையள் இந்தச் சீற்றில இருந்துதான் வீட்டை வருங்கள். இல்லாட்டி வராதுகள்."

மாமியும் நானும் அன்றோடு கட்சியைக் கலைத்தோம்.

ஆக, இரண்டு சீற்றும் அடங்குகிற கார் தேவை. புத்தியுள்ளவன் நாலு கதவோடு அகலமான, சாம்பல் நிறத்தில், பார்த்ததும் மறந்துபோகிற ஒரு குடும்பக் காரை வாங்கியிருப்பான். எனக்கோ சின்ன வயதிலிருந்து ஒரு ஆசை. சைக்கிள் பாரிலும் உழவு மெசின் பெட்டியிலும் பிரயாணம் செய்து வளர்ந்தவன் நான். கார் என்று ஒன்று வாங்கினால் அதைப் பார்க்கிறவன் இரண்டாம் தரமும் திரும்பிப் பார்க்கவேண்டும். பிள்ளைகளின் முதல் பிரயாணம் குதூகலமாக இருக்கவேண்டும் என்று எல்லோரிடமும் சொன்னேன். (பிள்ளைகளுக்கு அப்போது தங்கள் கை எது கால் எது என்றே தெரியாது.)

வவுனியாவில் ஒரு கார் விற்கிற இடத்துக்குப் போனேன். கார் சீற் இரண்டையும் ஓட்டோவில் ஏற்றி, நடுவில் நான் ஒடுங்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, தங்கமான மனிதர். ஒரு வானைக் காட்டினார், நாலு கதவுக் கார்கள் சிலதைக் காட்டினார். என் கண் மூலையில் நின்ற சிவப்புக் காரை விட்டு அசையவில்லை. சின்னக் கார், இரண்டே கதவு. மேல்கூரை கன்வஸ். பொத்தானை அமத்தினால் அது பின்சீற் வரைக்கும் சுருண்டு திறந்து வானத்தைக் காட்டும். அது அங்கே நெடுநாளாக நிற்கிறது என்பதை அதன் சில்லுக்கடியில் முளைத்திருந்த புல்லே சொன்னது. நான் புல்லைப் பார்க்கவில்லை. பொத்தானை அமத்தி அமத்திக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் தொழில்காரன் அல்லவா, நாடாவை இழுத்தேன். பின்சீற்றின் அகலத்தை அளந்தேன். இரண்டு கார் சீற்றின் அகலத்தையும் கூட்டிக் கழித்தேன். இரண்டும் அடங்கி நடுவில் ஓர் ஆள் ஒடுங்கி இருக்க இடம் மிஞ்சியது. உயரத்தையும் அளந்தேன், அச்சொட்டு. பிறகு இரண்டையும் தூக்கி வைத்துப் பெல்ற்றும் போட்டுப் பார்த்தேன். நானா ஆச்சரியப்பட்டார். இப்படி அளந்து கார் வாங்குகிற ஆளை இப்பதான் காண்பதாகச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஜன்னலுக்கு அகலமும் உயரமும்தான். மூன்றாவதாக ஒரு அளவு இருப்பதை என் தொழில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

புறப்படுகிற நாள் வந்தது. நல்ல நேரம் பார்த்து, சில்லுக்குத் தேசிக்காய் வைத்து, மாமி வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கூரையையும் திறந்துவிட்டேன். முழு ஒழுங்கையும் வேலியோரம் வந்து நின்றது. தர்சினி ஒரு பிள்ளையோடும், மாமி மற்றப் பிள்ளையோடும் வந்தார்கள். தர்சினி காருக்குள் எட்டிப் பார்த்தாள். குனிந்து இரண்டு சீற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தோசத்தில் கண்ணை எடுக்க முடியவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

"ஏன் ரெண்டு சீற்றும் முன்னுக்குப் பாத்துக்கொண்டிருக்கு?" என்று கேட்டாள்.

"காரில ஏறினா முன்னுக்குத்தானே பாக்கிறது?"

"கழுத்து நிக்காத பிள்ளையள் பின்னுக்குப் பாத்துத்தான் இருக்கவேணும். பிரேக் அடிச்சா கழுத்து என்னாகிறது? பெட்டியில பெரிசாப் படம் போட்டிருக்கு. நீங்கள் பாக்கேல்லையோ?"

பார்த்திருந்தேன். படத்தை மாறி அச்சடித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

சரி, திருப்பினால் போச்சு என்று இரண்டையும் கழற்றித் திருப்பினேன். அப்போதுதான் அந்த மூன்றாவது அளவு தன்னைக் காட்டியது. பின்னுக்குப் பார்த்து வைத்தால் கார் சீற் நீளமாகச் சரிந்து முன்சீற்றின் முதுகில் போய் இடித்தது. முன்சீற்றை ஒரு பல்லு முன்னுக்குத் தள்ளினேன். போதவில்லை. இன்னொரு பல்லு, பிறகும் ஒன்று. கடைசியில் முன்சீற் இரண்டும் போக இடமில்லாத இடத்துக்குப் போனபிறகுதான் பிள்ளைகளின் சீற் இரண்டும் ஒழுங்காக அமர்ந்தன.

இனி நான் ஏறவேண்டும். நான் வளர்த்தியான ஆள். ஒரு காலை வைத்தேன், மற்றக் காலை வைக்க இடமில்லை. முழங்கால் ஸ்டியரிங்குக்கும் நாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கை அசைந்தால் பீப் என்று கோன் அடித்தது. வேலியோரத்துச் சனம் நல்ல சனம், அதனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. என்னை வெளியில் இழுத்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வேறு கார் மாற்றுவதென்றால் இன்னும் எத்தனை கிழமை போகுமோ. வீட்டில் தொட்டில் காத்துக்கொண்டிருந்தது. அங்கே தங்கச்சி எங்களைச் சுற்றி வரவேற்க ஆலாத்தித் தட்டோடு நிற்பாள். இன்றைக்கும் நான் தனியப் பஸ் ஏறித் திரும்பிப்போகவேண்டியதுதான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த வாசலில் எனக்கு அழுகை வந்தது. முகம் துடைக்கிற சாட்டில் திரும்பி நின்றேன்.

தர்சினி பிள்ளையை மாமியின் மற்றக் கையில் கொடுத்துவிட்டு ஏறி இருந்து பார்த்தாள். அவள் கட்டையான ஆள். அந்தச் சீற் அவளுக்கென்றே செய்ததுபோல இருந்தது.

"கார்த் திறப்பைத் தாங்கோ" என்றாள்.

அவளுக்கு லைசன்ஸ் இருந்தது. ஸ்கூட்டிக்கு எடுக்கும்போது காருக்கும் சேர்த்து எடுத்தது. ஆனால் சோதனை நாளுக்குப் பிறகு அவள் கார் ஓட்டி நான் காணவில்லை. பிள்ளைகளை ஏற்றாமல் ஒழுங்கையில் போய்வந்து, போய்வந்து, கை பழகும்வரை ஓட்டினாள். பிறகுதான் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னாள். முதலில் கார் சீற் இரண்டையும் கழற்றி மாமியைப் பின்சீற் நடுவில் இருத்தினோம். அவாவுக்கு இரண்டு பக்கமும் அவற்றை மறுபடி பூட்டினோம். மாமி நல்ல வாட்டசாட்டமான ஆள். சீற்றைக் கழற்றாமல் இனி அவா வெளியில் வர வழியில்லை என்பது பூட்டி முடிந்தபிறகுதான் எங்களுக்கு விளங்கியது. தர்சினிக்குப் பக்கத்து முன்சீற்றில் பிள்ளைகளின் துணிப் பைகள் ஏறின. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. காரை வாங்கியவனுக்கு மட்டும் இல்லை.

விறாந்தையில் தர்சினியின் ஸ்கூட்டி நின்றது. ஊதா நிறம், முன்பக்கம் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்ரிக்கர். ஹெல்மெட்டும் அதே சோடி. என் தலையில் அது இறங்கவில்லை, மேலே குந்திக்கொண்டிருந்தது. சுடுதண்ணிப் போத்தல் பையைக் கொளுவிக்கொண்டு, என் குதூகலக் காருக்குப் பின்னால் ஏ ஒன்பது வீதியில் புறப்பட்டேன்.

தர்சினி ஓடிய வேகத்தில் ஓமந்தையில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்தினார்கள். பின்னால் வந்த பஸ்ஸெல்லாம் கோன் அடித்தது. நான் கையை நீட்டி ஒவ்வொன்றையும் முந்திப்போகச் சொல்லிக்கொண்டு வந்தேன். மந்திரி வாகனத்துக்குப் பாதுகாப்புக்குப் போகிற ஆளுக்குக்கூட என்னைவிடக் கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும்.

முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிடாமல் எந்த வாகனமும் தாண்டாது. நிறுத்தினோம். பிள்ளைகள் நல்ல நித்திரை, சீற்றைக் கழற்ற முடியாது, மாமி இறங்க முடியாது. கும்பிடாமல் போகவும் முடியாது என்று அவா பிடிவாதம். வேறு வழியின்றிப் பொத்தானை அமத்தினேன். கூரை சுருண்டது. மாமி மெல்ல எழும்பி, இடுப்பு வரைக்கும் காருக்கு மேலாகத் தெரிய நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினா. கச்சான் கடலை வாங்க நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது, இரண்டாம் தரமும் பார்த்தது. ஒரு கிழவர் இவா எந்தக் கட்சி என்று என்னிடம் விசாரித்தார். நான் திருநீறும் கச்சானும் வாங்கிவந்து மேலாலே கொடுத்தேன்.

தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பி வரும்போதுதான் கண்டேன். பிள்ளைகள் முழித்துவிட்டார்கள். பின்கண்ணாடிக்கூடாக இரண்டு சின்னத் தொப்பி, இரண்டு முகம். பின்னுக்குப் பார்த்தபடி இருந்ததால் இரண்டும் நேரே என்னைத்தான் பார்த்தன. அழவில்லை. அந்த ஊதா ஹெல்மெட்டில் அப்படி என்ன கண்டார்களோ, மகன் வாயைத் திறந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு நான் இடைவெளியே விடவில்லை. பரந்தனில் திரும்பி, தர்மபுரம் தாண்டி, விசுவமடு மட்டும் அந்த இரண்டு முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் காரை ஓட்டியிருந்தால் சீற்றின் முதுகைத்தான் கண்டிருப்பேன். என் பிள்ளைகள் என்னோடு பழகினது ஏ ஒன்பது வீதியில்தான், இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

கேற்றைத் திறக்க நான் முந்திக்கொண்டு வந்தேன். ஆலாத்தித் தட்டோடு நின்ற தங்கச்சி ஸ்கூட்டியையும் ஹெல்மெட்டையும் மேலும் கீழும் பார்த்தாள்.

"எங்கயண்ணா கார்? அதுக்குள்ள வித்துப்போட்டீங்களோ?"

பதில் சொல்வதற்குள் கார் வந்து நின்றது. கூரை திறந்தது. மாமி எழும்பி நின்றா. தங்கச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, வந்த வாகனத்தில் முதலில் தெரிந்த தலைக்கு ஆலாத்தி எடுத்துவிட்டாள். அன்றையிலிருந்து எங்கள் வீட்டில் மாமிதான் மூத்த பிள்ளை.

இப்போது பிள்ளைகள் வளர்ந்து முன்னுக்குப் பார்த்து இருக்கிறார்கள். முன்சீற்றும் பழைய இடத்துக்கு வந்துவிட்டது, நான் தாராளமாக ஓட்டலாம். ஆனால் நான் ஸ்டியரிங்கில் இருந்தால் இரண்டு பேரும் ஒத்துக்கொள்வதில்லை, அம்மாவின் இடத்தில் இருந்து எழும்பச் சொல்கிறார்கள். கார் புறப்பட்டதும் இரண்டு தலையும் பின்னால் திரும்பும். ஸ்கூட்டி வருகிறதா என்று பார்த்தபிறகுதான் கதை பேச்செல்லாம்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டு வாசலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் குடும்பத்தைக் காரில் ஏற்றி, தானே ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். மகள் அவரைப் பார்த்தாள், காருக்குப் பின்னாலும் போய்ப் பார்த்தாள். பிறகு தாயின் சீலையைப் பிடித்து இழுத்து, வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னாள்.

"பாவம் அம்மா அந்த மாமா. அவருக்கு ஸ்கூட்டி இல்லை."