மேஜருக்கு அம்மை வழி

வம்சம் பட்லரைப் போல இன்னொரு பிடிவாதக்காரரைக் கடவுள் செய்திருக்க மாட்டார். இவரைச் செய்ததற்கே வருத்தப்பட்டிருப்பார். தன் தாத்தாவின் பெயரைக் கேட்டால் தலையைச் சொறிவார். தன் நாயின் தாத்தாவுக்குத் தாத்தா எந்தத் தேசத்தில் எந்தக் காளையின் மூக்கைக் கவ்வித் தொங்கியது என்று கேட்டால், கேட்டவர் பசி மயக்கத்தில் சாயும்வரை சொல்லுவார். கேட்காவிட்டாலும் சொல்லுவார்.

அவர் நினைவு இப்போது வருவதற்குக் காரணம் ஒரு கல்யாணப் பந்தி. போன வாரம் எனக்கு அடுத்த இலையில் இருந்தவர் யாரோ வளர்க்கும் நாயைப் பற்றிப் பேச்செடுத்தார். "பிட்புல் டெரியர் சார் அது. கொலைகார ரத்தம். ஆளைக் கடிக்கவென்றே பிறக்கும்" என்றார். அந்த ஜாதி நாயை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது அடுத்த பேச்சிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் பாயசம் வருமுன் இலையை மடக்கிவிட்டேன். பாயசம் போனால் போகட்டும். அந்த ரத்தத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் இரணியல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ரப்பர் விலை விழுந்து, மலைத்தோட்டத்துத் துரைமார் பெட்டி கட்டிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு துரை கப்பலேறும் முன் தன் நாயைச் சுட்டுவிடத் துப்பாக்கியை எடுத்தாராம். வேறு கைக்குப் போய்ச் சீரழிவதைவிட அதுதான் நாய்க்கு மரியாதை என்று அவருக்கு நினைப்பு. பங்களாவில் சமைத்துப் பரிமாறிக்கொண்டிருந்த பட்லர் குறுக்கே போய் நின்று நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மலையிறங்கி வரும்போது அவரிடம் இருந்தவை ஒரு வெள்ளைக் கோட்டு, துரை போட்டுவிட்டுப் போன தொப்பி, அந்த நாய். சொந்த ஊர் சிதறால். அங்கே அவருக்கு யாரும் மிச்சமில்லாததால் என் வாடகை வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுச் சாய்ப்பில் குடியேறினார்.

நாயின் பெயர் மேஜர். செம்பட்டை நிறம், சிவந்த மூக்கு, உரல் மாதிரித் தலை. வாயைத் திறந்தால் காதுவரை திறக்கும். பார்க்கிறவன் நாலடி தள்ளித்தான் நிற்பான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குணத்தைப் பாருங்கள். மரச்சீனிக் கிழங்கும் கருவாட்டுத் தலையும் தின்றுவிட்டு, யார் வந்து நின்றாலும் அவர் கால்மேல் பின்புறத்தை வைத்து உட்காரும். அதுதான் அதன் முழு வீரம். அரிசி மூட்டைக் கனம் என்பதால் காலை உருவ முடியாது, மரத்துப்போகும். எனக்கு அது ஆகாது. மேஜர் வருகிறபோதே காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வேன். இடி இடித்தால் பட்லரின் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளும். மழை விட்ட பிறகும் வராது. "வா மக்களே, எல்லாம் போயாச்சு, வெளிய வா" என்று பட்லர் மண்டியிட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பார்.

இந்த நாயை வைத்துக்கொண்டுதான் அவர் தினமும் காப்பிக்கடை வாசலில், வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக நின்று வம்சம் சொல்லுவார்.

"இதுக்க அப்பன் கேப்டன். கேப்டனுக்க அப்பன் ரஸ்டி, அமெரிக்காவில ஜெயிச்சவன். ரஸ்டிக்க பாட்டன் அயர்லாந்துல இருந்து கப்பலேறினவன். அதுக்கும் மேல போனா இங்கிலாந்து. அங்க முதல்ல காளையைக் கட்டிப்போட்டு நாயை அவுத்து விடுவானுவ. பெறவு சர்க்காரு அதை நிப்பாட்டிட்டு. உடனே புல்டாகையும் டெரியரையும் சேத்து இந்த ஜாதியை உண்டாக்கி, குழிக்குள்ள எறக்கி நாயும் நாயும் அடிபட விட்டானுவ. அந்தக் குழியில நின்னவனாக்கும் பிட்புல்."

கேட்பவர்கள் ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓரடி பின்னால் போவார்கள். அயர்லாந்து வரும்போது பெஞ்சு காலியாகிவிடும். பட்லர் அதன் நடுவில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். துரை வீட்டில் எச்சில் தட்டெடுத்த ஆள் என்று அவருக்குப் பெஞ்சில் ஓரம் கொடுக்கக்கூட யோசித்த ஊர் அது. அதே ஊர், ஒரு நாயின் பாட்டனுக்குப் பயந்து முழுப் பெஞ்சையும் விட்டுக்கொடுத்தது. அவர் ஏன் வம்சம் வம்சம் என்று உயிரை விட்டார் என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். வேதக்கோவிலில் பைபிளின் வம்ச அட்டவணை வாசிக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் தூங்கியதே இல்லை.

அவர் கதைக்கு இன்னொரு பாதியும் உண்டு. "குழியில ரெண்டு நாயும் கவ்விக்கிட்டு நிக்கும்போ மனுஷன்தான் உள்ள எறங்கிக் கையால பிரிக்கணும். பிரிக்க வந்தவனைக் கடிச்ச நாயை அவனுவ வெச்சிருக்க மாட்டானுவ. மனுஷனைக் கடிக்காததா பாத்துப் பாத்து எடுத்த ரத்தமாக்கும் இது" என்பார். இந்தப் பாதி வரும்போது கேட்க ஆளிருக்காது. எல்லாரும் முதல் பாதியிலேயே ஓடியிருப்பார்கள்.

ஓடியவர்கள் சும்மா இருந்தார்களா? தபால்காரர் எங்கள் இரண்டு வீட்டுக் கடிதங்களையும் காப்பிக்கடையிலேயே போட்டுவிட்டுப் போனார். பிள்ளைக்குச் சோறூட்டும் பெண்கள் பூச்சாண்டிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மேஜரைக் கூப்பிட்டார்கள். கோழி காணாமல் போனால் மேஜர், ஆடு இளைத்தால் மேஜர். குளச்சலில் மீன் விலை ஏறினதற்கு மட்டும்தான் அதன்மேல் பழி வரவில்லை. சாராயக்கடைக் குத்தகைக்காரர் ஒருநாள் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

"என்ன பட்லரே, ஒரு கை பாப்பமா?"

"இவனுக்க பாட்டனுவ எல்லாரும் சேந்து அடிபட்டு முடிச்சாச்சு. இவன் இப்ப பென்ஷன்ல இருக்கான்" என்றார் பட்லர்.

மேஜர் போய்க் குத்தகைக்காரரின் கால்மேல் உட்கார்ந்தது. அவர் வேட்டி நடுங்க அப்படியே நின்றார். அவருடைய நாய் எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டது.

பட்லருக்கு அஞ்சாதவர் எங்கள் தெருவில் ஒருவர்தான், பெரிய வீட்டுக்குத் தலைவரான காரணவர். அந்தக் குடும்பம் மருமக்கள் வழி. அதாவது சொத்து மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும். குலமும் பெருமையும் அம்மை வழியாகத்தான். புதுச் சட்டம் வந்து மகன்களுக்கும் பங்கு உண்டு என்றாகி, வீட்டுக்கு வீடு வழக்கு நடந்துகொண்டிருந்தது. காரணவரின் சொந்த மகன்களே அவர்மேல் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். அவர் அசையவில்லை. எல்லாம் மருமகனுக்குத்தான் என்று நின்றார். பட்லர் வம்சம் சொல்லும்போது அந்தப் பக்கம் வந்தால் அவருக்குப் பொறுக்காது.

"அப்பன் பேரைச் சொல்லி என்னத்துக்குடே? அம்மை ஏதுன்னு சொல்லு. அம்மை தெரியாம அது என்ன வம்சம்?"

"துரைமாருக்கு அப்பன் வழியாக்கும், காரணவரே."

காரணவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போவார்.

அந்த மருமகன் ஒரு சோம்பேறி. மாமனுக்குத் தெரியாமல் தோப்பில் இளநீர் வெட்டி விற்பது அவன் தொழில். ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூட ஜன்னலைச் சாத்தும்போது, எதிர்த்த மதில்மேல் இருந்து அவன் தோப்புக்குள் குதிப்பதைப் பார்த்தேன். காரணவர் வீட்டுக் கறுப்பு நாய் பாய்ந்துவந்து அவன் கெண்டைக்காலைக் கவ்வியதையும் பார்த்தேன். மாமனிடம் அதைச் சொல்ல முடியுமா? மேஜர் கடித்துவிட்டதாகச் சொல்லிவிட்டான். ஊர் அதை ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நம்பியது.

மறுநாள் காலையில் காரணவர் வீட்டு முற்றத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மருமகன் நெய்யூர் ஆஸ்பத்திரியில் போட்ட கட்டோடு நாற்காலியில் இருந்தான். காரணவர் மடியில் பன்றி சுடும் துப்பாக்கி. பட்லர் மேஜரைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்தார். அதன் கழுத்தில் கயிற்றை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான் கண்டதைச் சொன்னேன்.

"வாத்தியாரே, எங்க பட்டி எங்க ஆளைக் கடிக்குமா? அது நல்ல குடும்பத்துப் பட்டியாக்கும்" என்றார் காரணவர். எங்கள் பக்கத்தில் நாய்க்குப் பட்டி என்றுதான் பெயர்.

"கடிச்சதை நான் கண்ணால பாத்தேன்."

"இவன் எதுக்கு மதில் சாடணும்? வீட்டுக்கு வாசல் இல்லியா?"

மருமகன் தன் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்லர் கதையின் இரண்டாவது பாதியைச் சொல்லிப்பார்த்தார். மனுஷனைக் கடிக்காத ரத்தம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊரார் அவர் சொல்லிக் கேட்ட முதல் பாதியை அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

"காளைக்க மூக்கைக் கடிச்சவனுக்க பேரன் மனுஷன் காலைக் கடிக்க மாட்டானா?"

"குழியில நின்ன ஜாதியில்லா?"

இதெல்லாம் நடக்கும்போது மேஜர் கயிற்றை இழுத்துக்கொண்டு போய், மருமகனின் கட்டுப்போடாத கால்மேல் உட்கார்ந்துகொண்டது. அவன் பயப்படவே இல்லை. அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"ரத்தம் எங்க போகும்? கொண்டுபோய் அந்தத் தெங்குல கட்டு" என்று காரணவர் துப்பாக்கியோடு எழுந்தார்.

பட்லர் நகரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"காரணவரே, ஒண்ணு கேக்கட்டா? உங்க குடும்பத்துக்கு ரத்தம் யாரு வழி? அப்பன் வழியா, அம்மை வழியா?"

காரணவர் முகம் கறுத்தது. கோர்ட்டில் மகன்களின் வக்கீல் கேட்ட கேள்வி அது. "அம்மை வழி. எந்தச் சட்டம் வந்தாலும் அம்மை வழிதான்."

"அப்ப பட்டிக்கு மட்டும் அப்பன் வழியா?"

அப்பன் வழி என்று காரணவர் வாய்தவறிச் சொன்னால் போதும், அன்று சாயங்காலமே அது மகன்களின் வக்கீலிடம் போயிருக்கும். முதலில் விழித்துக்கொண்டவன் மருமகன்தான். வயலும் தோப்பும் வீடும் அவனுக்கு அந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தன.

"மனுஷனோ பட்டியோ, நம்ம நாட்டுல அம்மை வழிதான் மாமா" என்றான் அவசரமாக.

"அப்ப கேட்டுக்கிடுங்க" என்றார் பட்லர். "இதுக்க தள்ளை சீமைக்காரி இல்ல. சிதறால்ல உள்ள ஒரு நாட்டுப்பட்டியாக்கும். நான் இத்தனை நாளும் மறைச்சு வெச்சேன்."

எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டு நின்றார்.

காரணவருக்குப் பெரிய நிம்மதி. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தார். "நம்ம நாட்டுப்பட்டிதானா? இதை முதல்லயே சொல்லப்பிடாதா? நாட்டுப்பட்டின்னா ஒரு கடி கடிக்கத்தான் செய்யும். அதுக்குப் போய் யாரு துப்பாக்கி எடுப்பா?"

எனக்கு இன்றும் கொதிப்பது இந்த இடத்தில்தான். கடித்ததா இல்லையா என்று ஒருவர்கூட விசாரிக்கவில்லை. கண்ணால் கண்ட சாட்சி நான் நிற்கிறேன், என் வார்த்தைக்கு மதிப்பில்லை. சீமை ரத்தம் என்றால் செய்யாத குற்றத்துக்குச் சாவு. நாட்டு ரத்தம் என்றால் செய்த குற்றத்துக்கும் மன்னிப்பு. இதற்கு நியாயம் என்று பெயர் வைத்துவிட்டு எல்லாரும் காப்பி குடிக்கப் போனார்கள்.

அதற்குப் பிறகு மேஜரைக் கண்டு யாரும் பயப்படவில்லை. குழந்தைகள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தன. தபால்காரர் அதன் தலையைத் தட்டிக்கொடுத்துக் கடிதம் தந்தார். கடையில் பட்லர் வந்தால் மட்டும் யாரும் நகரவில்லை. அவர் ஓரத்தில் நின்றே காப்பி குடித்தார். "பட்லரே, உம்ம நாட்டுப்பட்டிக்க வம்சத்தைக் கொஞ்சம் சொல்லும், கேப்போம்" என்று சீண்டுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு காசை வைத்துவிட்டு வந்துவிடுவார். வெள்ளைக் கோட்டும் பெட்டிக்குள் போய்விட்டது. அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்தக் கடைக்குப் போவதையே விட்டேன்.

ஒருநாள் மழை விட்ட சாயங்காலத்தில் அவர் சாய்ப்பில் உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். "எனக்கிட்ட மட்டும் சொல்லும். அன்னைக்குச் சொன்னது பொய்தானே? அதுக்க தாயும் துரையோட கப்பல்ல வந்ததுதானே?"

பட்லர் கட்டிலுக்கடியில் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"கப்பல்ல வந்தது உள்ளதுதான் சாரே. ஆனா பெத்த அன்னைக்கே செத்துப்போச்சு. இவன் கண்ணு தெறக்காத குட்டி. கோட்டுக்கு உள்ள நெஞ்சோட வெச்சுக்கிட்டு, துணியைப் பாலில முக்கி முக்கி நான்தான் ஊட்டினேன். இவனுக்கு வேற எந்தத் தள்ளையைத் தெரியும்? எனக்கு ஊரு சிதறால். கோவம் வந்தா துரை என்னை நாட்டுப்பட்டின்னுதான் விளிப்பாரு." அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப நான் பொய்யா சொன்னேன்?"

கட்டிலுக்கடியிலிருந்து மேஜர் மெதுவாக வெளியே வந்து சோம்பல் முறித்தது. நேராக என்னிடம் வந்து என் கால்மேல் உட்கார்ந்தது. அன்றைக்கு நான் காலை எடுக்கவில்லை. விளக்கு வைக்கும்வரை அப்படியே இருந்தேன்.